தொண்ணூற்றாறாவது பை

சபையைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே போதும், எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் ஒரே வாக்கியத்தில் என்னை அடக்கிவிடுவார்: "ஆனா நல்லது செய்யறாங்களே." மருந்துக் கடைக்காரர் சொல்வார். லிப்ட் இயக்குகிறவர் சொல்வார். அப்பா சொல்வார். எங்கள் ரத்த வங்கியின் பெரிய டாக்டர் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது சொல்வார். அந்த வாக்கியத்துக்கு ஒரு ரப்பர் முத்திரை செய்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் வாய் வலி மிச்சமாகும்.

நான் ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன். ரத்தம் கொடுக்க வருகிறவர்களை உட்கார வைத்து, கேள்வி கேட்டு, விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து, "போங்க" என்றோ "அடுத்த தடவை பாக்கலாம்" என்றோ சொல்லுகிற வேலை. பதினோரு வருடமாகிறது. இந்தப் பதினோரு வருடத்தில் சபைக்காரர்கள் நடத்தியதைப் போல ஒழுங்கான முகாமை யாரும் நடத்தியதில்லை. கல்லூரி முகாமென்றால் ஊசியைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு அவசரமாக போன் வந்துவிடும். கம்பெனி முகாமென்றால் மேலாளர் படம் எடுத்துக்கொண்டதும் கூட்டம் கலைந்துவிடும். சபை அப்படியில்லை. நூறு பேர் என்றால் நூறு பேர், வெளிர்நீலச் சட்டையில், எட்டரைக்கெல்லாம் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் கொடுக்கும் ரத்தத்தில் ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நன்றி கெட்டவள் என்று சொல்ல வேண்டாம்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. சபைக்குள் போனவர்கள் வெளியே இருக்கும் சொந்தக்காரர்களோடு பேசக்கூடாது. பிள்ளைகளுக்கு ஆறு வயதானால் சபையின் விடுதியில் விட்டுவிட வேண்டும். யாரும் எங்கேயும் தனியாகப் போகக்கூடாது. கூடவே துணையாள் என்று ஒருவர் வருவார். என் தங்கை ஐந்து வருடத்துக்கு முன் புருஷனோடும் இரண்டு வயதுப் பெண்ணோடும் அதற்குள் போனாள். புருஷனை வேறு ஊர்க் கிளைக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்ணுக்கு இப்போது ஏழு வயது, விடுதியில் இருக்கிறாள். தங்கை நான்கு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் ஒவ்வொரு முகாமுக்கும் வருவாள். என் எதிரில் உட்காருவாள். பக்கத்தில் துணையாள் உட்கார்ந்திருப்பாள். நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் தலையைக் குனிந்தபடி பதில் சொல்வாள். என்னை "மேடம்" என்பாள்.

நான் தூக்கி வளர்த்தவள். மேடமாம்.

புதன்கிழமை காலையில் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு வெள்ளைத் தாள் தயாராக இருந்தது. அவர் குரல் தேனாக ஒழுகியபோதே ஏதோ என் தலையில் கட்டப்போகிறார் என்று புரிந்துவிட்டது.

"உக்காரும்மா. சபையோட விடுதிக்கு அனுமதியைப் புதுப்பிக்கலாமா வேணாமான்னு நகராட்சியில விசாரணை வெச்சிருக்காங்க. மூணு குடும்பம் புகார் குடுத்திருக்கு. அதுக்கு நம்மகிட்ட ஒரு கடிதம் கேக்கறாங்க."

"யாரு, நகராட்சியா?"

"சபைதான்."

"விடுதிக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?"

"சம்பந்தம் இல்லதான். ஆனா நல்ல மனுஷங்கன்னு நாலு பேர் சொன்னா நல்லதுதானே? போன லீவு மாசம் அலமாரி காலியா கெடந்தப்ப யாரு வந்தா? பஸ் கவுந்த அன்னைக்கு யாரு வந்தா? உங்கப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் பண்ணப்ப ரெண்டு பை எங்கேருந்து வந்துச்சு?"

கடைசிக் கேள்விதான் அவருடைய துருப்புச் சீட்டு. அதை எப்போதும் கடைசியில்தான் இறக்குவார். அதை இறக்கியதும் தனக்குப் பிடித்த கதைக்குப் போனார். இந்தக் கதையை மாநாடுகளில்கூடச் சொல்லியிருக்கிறார். "எத்தனை முகாம் பாத்திருக்கோம். உடம்புல ரத்தம் கம்மியா இருக்கு, வேணாம்னு சொன்னா மத்தவங்க சந்தோஷமா பிஸ்கட்டைத் தின்னுட்டுப் போயிடுவாங்க. சபைக்காரங்க அழறாங்கம்மா! குடுக்க முடியலையேன்னு அழறாங்க. எங்கே பாத்திருக்க இப்படி ஒரு சேவை மனசை?"

அது உண்மைதான். நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நிராகரிக்கப்பட்டவர்கள் என் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். எனக்குச் சபையைப் பிடிக்காது என்றாலும், அந்த அழுகைக்கு முன்னால் என் வாய் அடைத்துப்போகும். ஊசி குத்தாமல் தப்பித்தோம் என்று ஓடுகிற உலகத்தில் இப்படியும் ஆட்களா என்று நினைத்துக்கொள்வேன்.

"கடிதத்துல என்ன எழுதணும்?" என்று கேட்டேன்.

"பெரிசா ஒண்ணும் இல்ல. சபையைச் சேர்ந்தவங்க யாருடைய வற்புறுத்தலும் இல்லாம முழு மனசோட ரத்தம் குடுக்கறாங்கன்னு ஒரு வரி. கேள்வி கேக்கறது நீதானே, அதனால நீ எழுதிக் கையெழுத்துப் போடு. கீழே நான் போடறேன்."

"நான் கேக்கறப்ப பக்கத்துல துணையாள் உக்காந்திருக்கான் டாக்டர். சொந்த விருப்பத்துலதான் வந்தீங்களான்னு நான் கேட்டா, அவன் தலையாட்டினதும் இவங்க ஆமாங்கறாங்க. இதை வெச்சு நான் என்னத்தை எழுத?"

"அது அவங்க வழக்கம், விடும்மா."

"நம்ம வழக்கம் வேறயில்ல? ரத்தம் குடுக்கறவரைத் தனியா வெச்சுத்தான் கேக்கணும்னு நம்ம விதியே இருக்கு. அஞ்சு வருஷமா அதை நாம அவங்களுக்காக மடிச்சு அலமாரியில வெச்சிருக்கோம். இந்த ஞாயித்துக்கிழமை திரை கட்டி, ஆளுக்கு மூணு நிமிஷம் தனியா விடச் சொல்லுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "உன் தங்கச்சி விஷயத்தை இதுல கலக்காதம்மா."

"கலக்கல," என்றேன். முழுக்கக் கலந்துதான் இருந்தது. மூன்று நிமிடம். ஐந்து வருடத்தில் எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அவ்வளவுதான். என்ன கேட்பேன் என்றும் முடிவு செய்திருந்தேன். வந்துடறியா? இந்த ஒரு கேள்விதான். சரி என்றால் திரையின் பின்பக்கமாகக் கூட்டிக்கொண்டு நேராக ஆம்புலன்ஸில் ஏற்றிவிடலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அப்பா ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். நாற்பது வருடம் சாலையில் அடுத்தவர்களைத் திட்டிக்கொண்டே ஓட்டியவர், வீட்டுக்கு வந்தபின் சாந்தமாகிவிட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை சாப்பிடும்போது கேட்டார்.

"நாளைக்கு அவளைப் பாப்பியா?"

"பாப்பேன்."

"பாப்பா எப்படி இருக்கான்னு கேளு. படிக்கறாளான்னு கேளு."

"அந்த ஆளுங்க சேர்ந்துதானேப்பா நம்ம வீட்டை ரெண்டாப் பிரிச்சாங்க? உங்களுக்குக் கோபமே வராதா?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வரும். ஆனா அவங்க ரத்தம் ரெண்டு பை என் உடம்புல ஓடுது. திட்ட வாயெடுத்தா அது ஞாபகம் வந்துடுது. நல்லது செய்யறாங்கல்ல."

நான் எழுந்து கையைக் கழுவப் போய்விட்டேன். வேறென்ன செய்ய?

முகாம் சபையின் மண்டபத்தில் நடந்தது. தரை பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தது, மேசைகள் ஒரே கோட்டில் இருந்தன, பழச்சாறு டப்பாக்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எனக்கு அதுவும் எரிச்சல்தான்; குறை சொல்ல ஏதாவது ஒன்றை விட்டு வைத்திருக்கலாம். சபையின் ஒருங்கிணைப்பாளர் கைகூப்பிக்கொண்டு வந்தார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் வெண்ணெய். எதைச் சொன்னாலும் வழுக்கிக்கொண்டு போவார். எங்கும் பிடி கிடைக்காது.

"திரை கட்டறது பத்தி டாக்டர் சொன்னாரும்மா. ரொம்ப சந்தோஷம். எங்க பிள்ளைங்க கொஞ்சம் கூச்ச சுபாவம். துணையாள் உள்ள ஓரமா, சும்மா நின்னுக்கட்டுமே?"

"வெளிய நின்னா கடிதம் உண்டு. உள்ள நின்னா கடிதம் இல்ல."

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. "உங்க இஷ்டம்மா. மூணு நிமிஷந்தானே?" என்றவர், கைக்கடிகாரத்தைக் கழற்றித் திரைக்கு வெளியே நின்ற துணையாளிடம் கொடுத்தார்.

உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, விரலில் குத்தும் ஊசிகள், நீலத் தண்ணீர் நிறைந்த சின்னக் கண்ணாடிக் குழாய்கள். அந்த நீலத் தண்ணீரில் ரத்தச் சொட்டை விட வேண்டும். நல்ல ரத்தம் என்றால் சொட்டு உடனே கீழே இறங்கும். சத்துக் குறைந்த ரத்தம் என்றால் மேலேயே மிதக்கும். மிதந்தால் அவரிடம் எடுக்கக்கூடாது. இறங்கினால் உண்டு, மிதந்தால் இல்லை. யார் சிபாரிசும் செல்லாது. இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அதுதான்.

வரிசையாக வந்தார்கள். திரை மூடியதும் எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என் கேள்விக்குப் பதில் சொன்னார்கள்: ஆமாம், சொந்த விருப்பம்தான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்காரர், முன்பு குடித்துக் குடித்துச் சாகக் கிடந்தவராம், சபைதான் தன்னை எழுப்பி உட்கார வைத்தது என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு பெண் இரண்டாவது டப்பா பழச்சாறு கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள். முப்பது பேர் முடிந்தபோது கடிதத்தில் டாக்டர் சொன்ன வரியையே எழுதும்படி ஆகிவிடுமோ என்று எனக்குக் கடுப்பாக இருந்தது.

அப்புறம் ஒரு தச்சர் வந்தார். அவர் சொட்டு கல் மாதிரி இறங்கியது. அவர் ஒரு பெருமூச்சு விட்டு, சட்டைப் பையிலிருந்து சபையின் சேவை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ரத்தம் கொடுத்தவர்களின் அட்டையில் எங்கள் பை எண்ணை ஒட்டிக் கொடுப்பது வழக்கம். ஒவ்வொரு பைக்கும் ஒரே எண் அச்சடித்த சின்ன ஒட்டுத்தாள்கள் ஆறு வரும். ஒன்று பையில், ஒன்று படிவத்தில், மூன்று சோதனைக் குழாய்களில், ஒன்று அட்டையில். பதினோரு வருடமாக அதைக் கையாலேயே ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"நல்லவேளை மேடம்," என்றார் தச்சர் சாதாரணமாக. "நாளைக்குப் பையனைப் பாக்கலாம்."

"எந்தப் பையனை?"

"என் பையன்தான், விடுதியில இருக்கான். அட்டையில நம்பர் விழுந்தா திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு ஒரு மணி நேரம் பாக்க விடுவாங்க. விழலன்னா அடுத்த முகாம்தான்." எல்லோருக்கும் தெரிந்த பேருந்து நேரத்தைச் சொல்வதைப் போலச் சொன்னார். சிரித்துக்கொண்டே எழுந்து படுக்கைப் பக்கம் போனார்.

அடுத்து வந்தவரிடம் பிள்ளை விடுதியில் இருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அவரும் அதையே சொன்னார், அவருக்கு அடுத்தவளும் சொன்னாள். மதியத்துக்குள் ஏழு பேர் சொல்லிவிட்டார்கள். ஒருவர்கூட அதைப் புகாராகச் சொல்லவில்லை. ஒரு அம்மாவின் சொட்டு மிதந்தது. வேண்டாம் என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இத்தனை வருடமாக எத்தனை பேர் இதே மாதிரி அழுதிருக்கிறார்கள்! நான் உட்கார்ந்து அவர்கள் பக்தியை மெச்சியிருக்கிறேன். பெரிய டாக்டர் மாநாட்டில் கைதட்டல் வாங்கியிருக்கிறார். எங்களைப் போல முட்டாள்கள் உண்டா?

மதியம் இரண்டு மணிக்குத் தங்கை வந்தாள். திரை மூடியது. திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள்.

ஆம்புலன்ஸ், பின்வாசல் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அவள் கையைப் பிடித்தேன். கை குளிர்ந்திருந்தது. நகம் வெளுத்திருந்தது. நான் வேலையில் பார்க்கிற நகம். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், அங்கேயும் வெளுப்பு.

"கடைசியா எப்போடி குடுத்த?"

"அக்கா, நேரமில்ல, குத்து."

"எப்போ குடுத்தன்னு கேட்டேன்."

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி. பக்கத்து ஊர் முகாம்ல. அங்க வேற ரத்த வங்கி."

எனக்குத் தலைக்கு ஏறியது. பெண்களுக்கு நான்கு மாத இடைவெளி வேண்டும். "அறிவிருக்காடி உனக்கு? கண்ணாடியில மூஞ்சியப் பாத்தியா?"

"அப்புறம் திட்டு. இப்பக் குத்து."

குத்தினேன். சொட்டு நீலத் தண்ணீரில் விழுந்து, கொஞ்சம் யோசித்து, மேலேயே நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் வேண்டுமென்றே இன்னொரு விரலில் குத்தினேன். அதுவும் மிதந்தது.

"வந்துடறியா?" என்றேன். "இப்பவே. பின்பக்கம் வண்டி நிக்குது. அப்பா இருக்கார்."

"வந்துட்டா பாப்பா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவள் கையெழுத்திட்டுக் கொடுத்த தாளில் பிள்ளையின் பொறுப்பு சபையுடையது என்று இருக்கிறதாம். சபையை விட்டுப் போனவர்களின் பிள்ளைகளை எந்தக் கிளைக்கு மாற்றினார்கள் என்பதே தெரியாதாம். "போன முகாம்லயும் எனக்கு மிதந்துச்சு. நீதான் வேணாம்னு அனுப்பின. ஞாபகம் இருக்கா? அதுக்காகத்தான் பக்கத்து ஊருக்குப் போனேன். அந்த ஊர் நம்பர் செல்லாதுன்னுட்டாங்க. எட்டு மாசமாச்சு அக்கா அவளைப் பாத்து. முன்னாடி ரெண்டு பல்லும் விழுந்துடுச்சாம்."

ஞாபகம் இருந்தது. போன முகாமில் துணையாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "அடுத்த தடவை பாக்கலாம்" என்று நானேதான் சொன்னேன். அவள் அழுதாள். என்னைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அன்று முழுக்க எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம் இருந்தது.

"ரெண்டு நிமிஷம் ஆச்சு," என்று வெளியிலிருந்து துணையாள் குரல் கொடுத்தாள்.

"எடுத்துக்கோ அக்கா. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"வாயை மூடு. உன்கிட்ட எடுக்க மாட்டேன். செத்தாலும் எடுக்க மாட்டேன்."

அவள் முகம் உடைந்தது. மேசையைப் பிடித்தாள். அந்தப் பிடியை எனக்குத் தெரியும்.

நான் புதிய ஒட்டுத்தாள் வரிசை ஒன்றை எடுத்தேன். ஆறில் ஒன்றைக் கிழித்து அவள் சேவை அட்டையில் ஒட்டி, மீதி ஐந்தை எடுத்து வைத்துக்கொண்டேன். தங்கையின் படிவத்தில் 'சொட்டு மிதந்தது, எடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரத்த வங்கித் தாளில் நான் பொய் எழுத மாட்டேன். சபை அட்டையில் எழுதுவதைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

"உள்ள படுக்கைக்குப் போ. ஊசி அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன். பத்து நிமிஷம் படுத்திரு, கட்டுப் போட்டு விடுவார். கையை மடக்கியே வெச்சுக்க."

அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இந்த நம்பருக்குப் பை?"

"அது என் பாடு. போடி."

போகிறபோது, வெளியே கேட்கிற மாதிரி, "ரொம்ப நன்றி மேடம்" என்றாள்.

ஊசி அண்ணன் இருபது வருடமாக நரம்பு தேடுகிறவர். அதிகம் பேச மாட்டார். கடைசி ஆளும் முடிந்தபின் நான் போய்ப் படுக்கையில் ஏறியதும் மேலும் கீழும் பார்த்தார்.

"வெண்ணெய் பை எண்ணப்போறார்," என்றேன். "அட்டை தொண்ணூத்தாறு. பை தொண்ணூத்தஞ்சு."

"படிவம் பூர்த்தி பண்ணிட்டு வா," என்றார். அவர் விதி தவற மாட்டார்.

என் சொட்டை நீலத் தண்ணீரில் விட்டேன். நேராக இறங்கியது. படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பெயர், வயது, எடை, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், மருந்து ஏதாவது உண்டா? நான் தினமும் கேட்கிற கேள்விகள்தான். கடைசி வரிக்கு வந்தேன். 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தில் ரத்தம் கொடுக்கிறேன். ஆம் / இல்லை.'

'இல்லை' என்று போட்டால் எடுக்கக்கூடாது. எடுக்காவிட்டால் பை குறையும். பை குறைந்தால் தங்கை அட்டை செல்லாது. 'ஆம்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன். இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

படுத்திருக்கும்போது வெளியே, மேசையைப் பிடித்துக்கொண்டு அழுத அந்த அம்மா இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவரையும் சேர்த்து அன்று எட்டுப் பேரைத் திருப்பி அனுப்பியிருந்தேன். எட்டுப் பேருக்கும் ஒட்டுவதற்கு என் உடம்பில் பை இல்லை. அதை நினைக்க நினைக்க எனக்குச் சபை மேல் மட்டுமல்ல, என் மேலும், அந்த நீலத் தண்ணீர் மேலும்கூட ஆத்திரமாக வந்தது.

வெண்ணெய் வந்து பைகளை எண்ணினார். "தொண்ணூத்தாறு! எல்லாம் மனசார குடுத்தது," என்று கைகூப்பினார். என் கையில் இருந்த கட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நீங்களுமாம்மா? பாத்தீங்களா, நல்ல காரியம் யாரையும் இழுத்துடும்."

அவர் முகத்தில் பழச்சாறை ஊற்றாமல் இருந்ததற்கு எனக்குத்தான் யாராவது பாராட்டுக் கடிதம் எழுத வேண்டும்.

திங்கள் காலை பெரிய டாக்டர் மேசையில் கடிதத்தை வைத்தேன். அவர் படித்தார். முகாமில் தொண்ணூற்றாறு பை கிடைத்தது என்று எழுதியிருந்தேன். திரைக்குள் தனியாகக் கேட்டபோது அனைவரும் சொந்த விருப்பம் என்றே சொன்னார்கள் என்று எழுதியிருந்தேன். அவர்களில் ஏழு பேர், அட்டையில் எண் விழுந்தால்தான் விடுதியில் இருக்கும் தங்கள் பிள்ளையைப் பார்க்க முடியும் என்றும் சொன்னார்கள் என்று எழுதியிருந்தேன். பெயர் இல்லை, எண் இல்லை. நிராகரிக்கப்பட்டவர்கள் ஏன் அழுகிறார்கள் என்பதை நாங்கள் இதுவரை தப்பாகப் புரிந்து வைத்திருந்தோம் என்பது கடைசி வரி.

அவர் அந்தக் கடைசி வரியிலேயே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை அனுப்பினா அடுத்த முகாம் கிடையாது. லீவு மாசம் வருது. தெரியுமா?"

"தெரியும். நாலு தெரு நடந்து நாலு கல்லூரியில பேசறேன். கிடைக்கற வரைக்கும் பேசறேன்."

"அந்த அலமாரி காலியா இருந்தா யாராவது செத்துப்போவாங்கம்மா. அது உனக்குப் புரியுதா?"

"புரியுது டாக்டர். அதான் கோபமே." உண்மையில் அதுதான் என் கோபம். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அவர் பேனாவை எடுத்து, மறுபடி வைத்தார். "சரி, பிள்ளையைப் பாக்கறது அவங்க விதி. அது வேற. ரத்தம் குடுக்கச் சொல்லி யாரையாவது கட்டாயப்படுத்தினாங்களா? ஒருத்தராவது இல்லைன்னு எழுதினாங்களா?"

"எழுதல. ஆனா ஒருத்தர் கட்டாயத்துலதான் குடுத்தாங்க. எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"யாரு?"

என் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பெயரைப் பார்த்தார். கண்ணை உயர்த்தி என் கைக்கட்டைப் பார்த்தார். மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

"நீ ஆம்னுதானே போட்டிருக்க?"

"எல்லாரும் அப்படித்தான் டாக்டர் போட்டிருக்காங்க."

கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "வெச்சுட்டுப் போ," என்றார். மதியம் அந்தக் கடிதம் அனுப்பும் தட்டில் இருந்தது. என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்து இருந்தது. நடுவில் அவர் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இவர்கள் கொடுத்த ரத்தத்தால் பலர் உயிர் பிழைத்திருக்கிறார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.' படித்ததும் பல்லைக் கடித்தேன். அதில் அடித்துவிட ஒரு வார்த்தை தேடினேன். எல்லாம் உண்மையாகவே இருந்தது. அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன்.

மாலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு விடுதிக்கு எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். ஐந்து மணிக்கு வாசல் கதவு திறந்தது. முதலில் தச்சர் வந்தார், தோளில் ஒரு பையன். பிறகு தங்கை வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒரு பெண். பத்தடி பின்னால் துணையாள். பெண் ஏதோ சொல்லிச் சிரித்தாள். இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது, முன்னால் இரண்டு பல் இல்லை.

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். ஐந்து வருடத்துக்குப் பிறகு பேத்தியைப் பார்க்கிறார். கண்ணிலிருந்து தாரையாக ஓடியதைத் துடைக்கவும் இல்லை.

"பாத்தியாம்மா," என்றார். "பெத்தவளைப் பாக்க விடறாங்க பாத்தியா. நல்ல மனசுதான் அவங்களுக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நிறுத்தத்தின் கூரை பறந்திருக்க வேண்டும். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவர் இன்னும் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, ஒரு மணி நேரம் பார்க்கட்டும், ஆறு மணிக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கட்டுப் போட்ட கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.